அண்ணாச்சி, அந்தப் பச்சைச் சாக்கைப் பிரிக்காமல் வையுங்கள்

திருநெல்வேலிச் சீமையில் பழைய புத்தகக் கடையும் எடைக் கடையும் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி, தென்காசி என்று நான் சுற்றுகிற ஊர்களில் கடை வைத்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நேரில் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. கடைக்கு வந்தால் தராசுக்குப் பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள், வாசலில் லோடு ஏறிக்கொண்டிருக்கும், நீங்கள் போனில் அட்டைக்கு என்ன விலை என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதைவிடப் பெரிய சங்கடம், உங்கள் முன்னால் வந்து நின்றாலே எனக்குப் பொய்தான் வருகிறது. "சும்மா பாக்கேன் அண்ணாச்சி" என்பது அதில் முதல் பொய்.

என்னைச் சிலருக்கு அடையாளம் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிவாக்கில் எக்ஸெல் வண்டியில் வந்து, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, குவியலுக்குள் தலையை விடுகிற ஆள். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மாதம் 500 ரூபாய்க்கு மேல் புத்தகத்துக்குச் செலவழிப்பதில்லை என்று வீட்டில் ஒப்பந்தம். அந்த 500க்குள் இருபத்திரண்டு வருஷமாக ஒரே வகைச் சரக்கைத்தான் தேடுகிறேன். நம்ம ஜில்லாவைப் பற்றி யார், எந்தக் காலத்தில், எதை அச்சடித்திருந்தாலும் சரி, அது எனக்கு வேண்டும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், உங்களில் மூத்தவர் ஒருவர் கடையில், ஒரு வக்கீல் வீட்டிலிருந்து வந்த சட்டப் புத்தகக் கட்டுகளுக்கு நடுவே முதுகு கிழிந்த தடிப் புத்தகம் ஒன்று கிடந்தது. பிரித்தால், பேட் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிய திருநெல்வேலி ஜில்லா கெஸட்டியர் (ஜில்லாவின் ஊர் விவரங்களைத் தொகுத்த அரசாங்கப் புத்தகம்), 1917ஆம் வருஷத்து அசல் பதிப்பு. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. உடனே அதைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் கிடந்த சமையல் புத்தகத்தை எடுத்து, ரொம்ப அக்கறையாக வத்தக்குழம்புப் பக்கத்தைப் படிப்பதுபோல் நின்றேன். அப்புறம் சமையல் புத்தகம், ஒரு பழைய டைரி, ஒரு ஜோசியப் புத்தகம், நடுவில் இந்தக் கெஸட்டியர் என்று நாலையும் அடுக்கி, "சேத்து எவ்வளவு?" என்றேன். 150 என்றார். கேட்ட விலையைக் கொடுத்தால் சந்தேகப்படுவாரோ என்று பயந்து, பேரம் பேசி 120க்குக் கொண்டுவந்தேன். அந்த முப்பது ரூபாய் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒரு வருஷம் கழித்து அவரே ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், அன்னைக்கு நீங்க அந்தத் தடிப் புஸ்தகத்த கீழ வச்சிட்டு சமையல் புஸ்தகத்தப் பொரட்டுனீங்க பாத்தீங்களா, அப்பவே தெரிஞ்சிட்டு."

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

"எடைக்குப் போட்டா எனக்கு எட்டு ரூவா. நீங்க படிக்கத்தான போறிய."

அவர் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள்.

அந்தக் கெஸட்டியரால் எனக்குப் பிடித்த கிறுக்கு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நான் எதைக் கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். அதை வாங்கின புதிதில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்கார நண்பர் ஒருவர் தன் ஊரைப் பற்றிப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். புரட்டுகிறேன், புரட்டுகிறேன், அந்தத் தாலுகாவையே காணோம். பிறகுதான் விளங்கியது. 1910ல் ராமநாதபுரம் ஜில்லா புதிதாக உண்டானபோது ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் திருநெல்வேலியை விட்டுப் போய்விட்டன. 1917 புத்தகத்தில் அவை எப்படி இருக்கும்? அந்த ஊர்க்காரர் பார்க்க வேண்டியது அதற்கு முந்தியது, ஸ்டூவர்ட் எழுதி 1879ல் வந்த திருநெல்வேலி மானுவல். இன்றைக்கு விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறவர் தன் ஊர்க் கதையைத் திருநெல்வேலிப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது.

செங்கோட்டைக்காரர் பாடு இன்னும் வேடிக்கை. அந்த ஊர் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் நம்ம பக்கம் வந்தது. அதுவரை திருவிதாங்கூர். ஆகவே செங்கோட்டையின் பழைய சங்கதி வேண்டுமானால் நாகமையா எழுதிய திருவிதாங்கூர் மானுவலைப் பிடிக்க வேண்டும். 1906ல் மூன்று பாகமாக வந்தது. 1940ல் வேலுப்பிள்ளை எழுதியது நாலு பாகம். தென்காசிப் பக்கத்துக் கடை ஒன்றில் அதில் ஒரு ஒற்றைப் பாகம் கிடந்தது. "அது மலையாளத்தான் சமாச்சாரம், ஒமக்கு எதுக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வந்தேன். (பாருங்கள், மறுபடியும் பொய். பேசாமல் இருந்தாலும் பொய்தான்.)

தூத்துக்குடி 1986ல் பிரிந்தது, தென்காசி 2019ல் பிரிந்தது. மாவட்டம் பிரியப் பிரியப் பழைய புத்தகத்தின் பேருக்கும் உள்ளே இருக்கிற ஊருக்கும் சம்பந்தமே இல்லாமல் போகிறது. அட்டையைப் பார்த்து ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு உதாரணம். கில்பர்ட் ஸ்லேட்டர் என்றொரு வெள்ளைக்காரர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர். கிராமத்தில் யாரிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு கடன், கூலி என்ன என்று மாணவர்களை விட்டு விவரம் எடுக்கச் சொன்னார். 1918ல் அது புத்தகமானது. அட்டையில் தென்னிந்தியக் கிராமங்கள் சில என்ற பொருளில்தான் பேர் இருக்கும். உள்ளே ஒரு கிராமம், நம்ம கங்கைகொண்டான். 1940ல் வேறு இருவர் அதே கிராமங்களைத் திரும்பக் கணக்கெடுத்து இன்னொரு புத்தகம் போட்டார்கள். இன்றைக்குக் கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. அந்த ஊர் முன்பு எப்படி இருந்தது என்று கேட்கிற பையனுக்கு நூறு வருஷத்துக்கு முந்திய கணக்கு அங்கே இருக்கிறது.

"இதெல்லாம்தான் நெட்டுல சும்மாவே கெடக்கே சார்" என்று உங்களில் ஒருவர், என்னைவிட வயதில் சின்னவர், கேட்டார். நியாயமான கேள்வி. கால்டுவெல் 1881ல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் கிடைக்கிறது. ஸ்டூவர்ட், பேட் எல்லாம் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் மணிக்கணக்காக மேய்கிறவன்தான் நானும். ஆனால் எந்த வக்கீலோ என் கெஸட்டியரில் பென்சிலால் "தப்பு, இந்தக் குளம் வாய்க்காலுக்கு மேற்கே" என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அது நெட்டில் கிடையாது. அவர் சொன்னது சரிதானா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். குளம் மேற்கேதான் இருக்கிறது.

அது போகட்டும். வெள்ளைக்காரர் எழுதியதெல்லாம் எப்படியாவது தப்பித்துக்கொள்ளும். லண்டனில் ஒரு பிரதி, சென்னை கன்னிமாரா நூலகத்தில் ஒரு பிரதி இருக்கும். எனக்குக் கவலை மலர்களைப் பற்றித்தான்.

மலர் என்றால் உங்களுக்குத் தெரியும். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூடப் பொன்விழா மலர், வாசகசாலை வெள்ளிவிழா மலர், சேகரத்து (கிறிஸ்தவ சபை வட்டாரத்து) ஆலயப் பிரதிஷ்டை நூற்றாண்டு மலர், வியாபாரிகள் சங்க மலர், கூட்டுறவுப் பண்டகசாலை மலர். உள்ளூர் அச்சகத்தில் முந்நூறோ ஐந்நூறோ அடித்து, விழா அன்றைக்கு நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கொடுத்து, மீதியைப் பீரோவில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். எந்தக் கடையிலும் விற்பனைக்கு வராது. பெரிய நூலகங்களுக்கும் பெரும்பாலும் போகாது. ஊர்ப் பெரியவர் ஒருவர், பெரும்பாலும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், "நமது ஊர் வரலாறு" என்று எட்டுப் பக்கம் எழுதியிருப்பார். அதில் பாதி சோழன் காலத்துக் கதை, நம்ப வேண்டியதில்லை. மீதி அவர் கண்ணால் கண்டது. எந்த வருஷ வெள்ளத்தில் எந்தத் தெரு போயிற்று, ஊருக்கு முதல் பஸ் யாருடையது, பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர் யார், கொடுக்க மறுத்தவர் யார். இந்தக் கடைசி விஷயத்தை எந்த அரசாங்கப் புத்தகமும் எழுதாது.

எங்கள் தாத்தா ஊர் மலர் ஒன்று இப்படித்தான் என் கைக்கு வந்தது. ஒரு எடைக் கடையில் பள்ளிக்கூட நோட்டுக் கட்டுக்கு அடியில், அட்டை இல்லாமல், முதல் நாலு பக்கம் இல்லாமல் கிடந்தது. வருஷம் எங்கேயும் இல்லை. அதைக் கண்டுபிடித்தது ஒரு தனிச் சந்தோஷம். பின்பக்கத்தில் "நன்கொடை 75 ந.பை." என்று இருந்தது. அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். 'நயா' என்ற அடைமொழியை எடுத்தது 1964 ஜூனில். சரி, இந்த ஏழு வருஷத்துக்குள். உள்ளே வாழ்த்துச் செய்தி, முதலமைச்சர் காமராஜ். அவர் பதவியை விட்டது 1963 அக்டோபரில். ஒரு வருஷம் குறைந்தது. அப்புறம் ஒரு படத்துக்குக் கீழே, வேறு யாரோ பேனாவால், "அப்பா காலமானது இதற்கு மறுவருஷம், பிலவ" என்று எழுதியிருந்தார்கள். பிலவ வருஷம் 1961 ஏப்ரலில் பிறந்தது. ஆக மலர் 1960ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே ஆயிற்று. வீட்டில் காபி ஆறிப் போயிருந்தது.

கடைசியில் விளம்பரப் பக்கங்கள். மலரில் எல்லோரும் தள்ளிவிட்டுப் போகிற பக்கம் அதுதான். நான் அங்கிருந்துதான் படிக்கவே ஆரம்பிப்பேன். ஜவுளிக்கடை, எண்ணெய்ச் செக்கு, பஸ் சர்வீஸ், பல்பொடி, சித்த வைத்தியசாலை. அப்படிப் புரட்டிக்கொண்டே வரும்போது கால் பக்கத்தில் ஒரு கட்டம்: "வாடகை சைக்கிளும், கலியாணத்திற்கு காஸ் லைட்டும் எந்நேரமும் கிடைக்கும்." அதற்குக் கீழே எங்கள் தாத்தா பேர்.

தாத்தா சைக்கிள் கடை வைத்திருந்தார் என்று தெரியும். காஸ் லைட் வாடகைக்கு விட்டார் என்று எங்கள் அப்பாவுக்கே மறந்துபோயிருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டினதும், லைட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்த ஆட்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அந்த மலருக்கு நான் கொடுத்த விலை பத்து ரூபாய். நோட்டுக் கட்டோடு சேர்த்து எடை போட்டிருந்தால் ஒரு ரூபாய்கூட ஆகியிருக்காது.

இதை எழுதுகிற நேரத்தில், கைக்கு வராமல் போனதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு தமிழாசிரியர் காலமாகி, வீட்டை விற்று, பரண் மேல் இருந்ததையெல்லாம் ஒரே நாளில் இறக்கி எடைக்குப் போட்டார்கள். எனக்குத் தகவல் வந்தது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. திங்கள் காலையில் போனேன். லாரி ஞாயிறு மத்தியானமே மில்லுக்குப் போய்விட்டது. கடைப் பையன் பாவம், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, தரையில் கூட்டி வைத்திருந்த குப்பையைக் கிளறி ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். ஒரு பள்ளிக்கூட வைரவிழா மலரின் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம். தலைமையாசிரியர் பட்டியல். பதினொன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறது. முதல் பத்துப் பேர் யாரென்று இன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தெரியாது. கேட்டுப் பார்த்தேன்.

யாரையும் குற்றம் சொல்லவில்லை. மாசத்துக்கு எத்தனை டன் வருகிறது, கிலோவுக்கு எத்தனை காசு நிற்கிறது என்பது எனக்கும் தெரியும். ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆகவே புத்தகத்தைப் பற்றி நீங்கள் படிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கட்டைப் பிரிக்கும்போது தலைப்பில் ஓர் ஊர்ப் பேர் கண்ணில் பட்டால் அதை மட்டும் ஒரு தனிச் சாக்கில் போடச் சொல்லுங்கள். பேர் தமிழில் இருந்தாலும் சரி, இங்கிலீஷில் இருந்தாலும் சரி. வேலை பார்க்கிற பையன்களுக்கு ஊர்ப் பேர் தெரியாமலா இருக்கும்? பஸ் போர்டு படிக்கிறவர்கள்தானே.

அந்தச் சாக்கில் வந்து விழக்கூடியதில் ஒன்றைச் சொல்கிறேன். 1961 சென்சஸின்போது மதராஸ் மாநிலத்தில் சில கிராமங்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்து ஊருக்கு ஒரு புத்தகமாகப் போட்டார்கள். ஜில்லாவாரியாகக் கோயில்களுக்கும் தனிப் புத்தகம் உண்டு, திருவிழாக்களுக்கும் உண்டு. நம்ம பக்கத்தில் ரவணசமுத்திரத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறது. அட்டையைப் பார்த்தால் அரசாங்க ரிப்போர்ட் மாதிரி இருக்கும், யாருக்கும் கைவைக்கத் தோன்றாது. உள்ளே வீடு எப்படிக் கட்டியிருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், என்ன நகை போட்டார்கள், யாருக்கு எவ்வளவு கடன் என்று அட்டவணை அட்டவணையாக இருக்கும். "ரிப்போர்ட்" என்று போட்டிருந்தாலே எடைக்குத் தள்ளுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள்.

பிழை மலிந்த புத்தகத்தையும் தள்ள வேண்டாம். எட்டயபுரம் ஜமீன் வரலாறு ஒன்று 1879ல் அச்சானது, வம்சமணி தீபிகை என்று பேர். தமிழ் நடை அவ்வளவு மோசம். 1919ல் பாரதியாரே எட்டயபுரம் ராஜாவுக்குக் கடிதம் எழுதி, இதை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருகிறேன் என்று கேட்டார். அது நடக்கவில்லை. அந்த மோசமான தமிழைத்தான் பிற்காலத்தில் ஆய்வாளர் இளசை மணியன் தேடிப் பிடித்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். பாரதியார் திருத்திக் கொடுத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். திருத்தாத பிரதி ஒன்றும் இல்லாமல் போயிருந்தால் நமக்கு இரண்டுமே இல்லை.

இன்னொன்று, வரைபடம். கெஸட்டியர், மானுவல் மாதிரிப் புத்தகங்களில் வரைபடத்தை மடித்து வைத்திருப்பார்கள். அதைத் தனியே கிழித்து, சட்டம் போட்டு, ஹோட்டல் வரவேற்பறையில் மாட்டுகிறவர்களுக்கு விற்கிற வழக்கம் இப்போது வந்திருக்கிறது. படத்துக்குப் புத்தகத்தைவிட அதிகம் கிடைக்கிறது என்று ஒருவர் என்னிடமே சொன்னார். இருக்கலாம். கிழித்த பிறகு புத்தகத்தில் எழுதியிருக்கிற ஊர் எங்கே இருக்கிறதென்று தெரியாது, மாட்டின படத்தில் இருக்கிற ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு.

விலைக்கு வருகிறேன். இப்போதெல்லாம் நீங்களும் அட்டையைப் படம் எடுத்துப் போனில் தேடுகிறீர்கள். தப்பே இல்லை. இத்தனை வருஷம் எங்களைப் போன்ற ஆட்கள் உங்களை ஏமாற்றினதற்கு அது சரியான பதில். ஆனால் எங்கேயோ வெளிநாட்டில் ஒருவர் ஐந்து இலக்கத்தில் விலை போட்டிருக்கிறார் என்பதை வைத்து நீங்களும் போட்டால், அது உங்கள் அலமாரியிலேயே இருந்து ராமபாணப் பூச்சிக்குத்தான் ஆகும். அவருடைய பிரதியும் விற்காமல்தான் அங்கே கிடக்கிறது, நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு குழப்பமும் உண்டு. டெல்லியில் ஒரு பதிப்பகம் 1980களில் இந்தப் பழைய புத்தகங்களைப் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே படம் எடுத்து மறுபதிப்புப் போட்டது. முகப்புத் தாளில் 1881 என்றே இருக்கும். கால்டுவெல்லின் அந்த மறுபதிப்புக்கு ஒருவர் என்னிடம் அசல் விலை கேட்டார். தாளை ஒன்று திருப்பிக் காட்டினேன், 1982 என்று இருந்தது. இருவருமே சிரித்துவிட்டோம். தாளைத் தொட்டாலே தெரியும். மறுபதிப்பின் தாள் வழவழவென்று இருக்கும். அசலைத் தொட்டால் துணி மாதிரி ஒரு சொரசொரப்பு. 1940களில் யுத்த காலத்தில் அடித்தது என்றால் தொடவே பயமாக இருக்கும், அப்பளம் மாதிரி முறியும்.

பணக்காரர்கள் மட்டும்தான் சேகரிக்க முடியும் என்றால் நமக்கு ரோஜா முத்தையா கிடைத்திருக்க மாட்டார். கோட்டையூர்க்காரர், சென்னையில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். பழைய புத்தகத்தோடு கலியாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் கழித்துப் போட்டதையும் சேர்த்தார். 1992ல் அவர் காலமானபோது லட்சத்தைத் தொடுகிற சேகரிப்பு இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கி, ஆனால் வெளியே கொண்டுபோகாமல், 1994ல் சென்னையிலேயே நூலகமாக்கியது. அவர் காலத்தில் சென்னையில் பழைய புத்தகம் விற்கிற மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே மாதத் தீயில் அது போனது. அந்தக் கட்டடத்தை நான் பார்த்ததில்லை. திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளில் ஒரே ஒருமுறை வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். மதுரையில் திலகர் திடல் சந்தைக்கும் போயிருக்கிறேன். அங்கெல்லாம் நல்ல சரக்கு வரும். ஆனால் நம்ம ஊர்ச் சரக்கு நம்ம ஊரில்தான் வரும், அது உங்கள் கடைக்குத்தான் வரும்.

ஆகவே நான் ஓர் ஏற்பாடு சொல்கிறேன். இனிமேல் நான் சமையல் புத்தகத்தை மேலே வைத்து மறைக்க மாட்டேன். நீங்கள் ஒதுக்கி வைத்த சாக்கிலிருந்து ஒன்றை எடுத்தால், இது இன்னது, இதற்கு இவ்வளவு வரை பெறும், என்னால் இவ்வளவுதான் முடியும் என்று மூன்றையும் சொல்லிவிடுவேன். என்னைவிட அதிகம் கொடுக்கிறவர் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஒரு ராத்திரி மட்டும் என்னிடம் விட்டுவைத்தால் போனிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு மறுநாள் கொண்டுவந்து தந்துவிடுவேன். மலருக்கு ஐம்பது, நூறு, நல்ல நிலையில் இருந்தால் இருநூறு என்று வைத்தால் என் 500 ரூபாயில் மாதம் மூன்று நாலு வாங்கலாம். எடைக்கு வருவதைவிட அது உங்களுக்கும் பலமடங்கு. அந்தந்த ஊர்க்காரர் தேடி வந்தால் முதலில் அவருக்கே கொடுங்கள், நான் இரண்டாவது. அதில் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது.

இப்போது இந்த மடலை இவ்வளவு அவசரமாக எழுதின காரணத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை, பாளையங்கோட்டையில் உங்களில் ஒருவர் கடைக்கு வந்தேன். நீங்கள் கலியாண வீட்டுக்குப் போயிருந்தீர்கள். பின்பக்கச் சுவரோரம், எடை மிஷினுக்குப் பக்கத்தில், வாய் கட்டின பச்சை உரச்சாக்கு ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு கிழிசல். அதன் வழியாக மங்கின ஊதா அட்டை ஒன்றின் மூலை தெரிகிறது. குனிந்து, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். "...புரம் சேகரம்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே "நூற்றா" வரைக்கும் தெரிகிறது, மீதி உள்ளே. மெஞ்ஞானபுரமா, சாயர்புரமா, வேறு ஏதாவது புரமா, ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நம்ம ஜில்லாவில் புரத்துக்கா பஞ்சம்? பையனிடம் சாக்கைப் பிரிக்கச் சொன்னேன். "மொதலாளி வராம பிரிக்கக் கூடாது சார்" என்றான். நல்ல பையன், அவனைத் திட்டாதீர்கள்.

லோடு எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமைதான் ஏறும் என்று அவன் சொன்னான். கலியாணத்தால் போன வாரம் ஏறவில்லையாம். அப்படியென்றால் இந்த ஞாயிறு. நான் சனிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன். மூன்று என்று சொன்னால் இரண்டேகாலுக்கே வந்துவிடுவேன், உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கைக்குட்டை கட்டின எக்ஸெல் வண்டிக்காரன்